1991: டெல்லியில் நடந்தது புத்தகத்தில் இருக்கிறது, நம் மாவட்டத்தில் நடந்தது எங்கே இருக்கிறது?

பாலக்கோட்டான்:
எல்லோருக்கும் வணக்கம். மகள் குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறாள். நேற்று ராத்திரி, "1991, இந்தியாவின் முக்கிய நிகழ்வுகள்" என்று எனக்கு ஒப்பித்துக் காட்டினாள். ராஜீவ் காந்தி படுகொலை, நரசிம்ம ராவ் பிரதமர், புதிய பொருளாதாரக் கொள்கை, மக்கள்தொகை 84 கோடி. நாலே வரி. "அப்போ நீங்க என்னப்பா பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டாள். எனக்கு அப்போது 15 வயது. பதில் சொல்ல ஆரம்பித்தவன் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறேன், ஆனாலும் பாதிதான் சொன்னேன்.

அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் இல்லை. 2004 பிப்ரவரியில்தான் பிரித்தார்கள். ஓசூர் முதல் அரூர் வரை எல்லாம் ஒரே தர்மபுரி மாவட்டம். அந்த ஒரு வருடத்தில் நாட்டில் நடந்த ஒவ்வொன்றும் நம் ஊர் வழியாகத்தான் போனது என்று எனக்குத் தோன்றுகிறது. மெட்ராஸ் ரோடும் பெங்களூர் ரோடும் சேலம் ரோடும் கிருஷ்ணகிரியில் சேர்வதாலோ என்னவோ.

என் நினைவில் வருடம் மண்ணெண்ணெயில் தொடங்குகிறது. ஜனவரி 17 அன்று வளைகுடாப் போர் மூண்டது. ரேஷன் கடையில் என் அம்மா டின்னை வரிசையில் வைத்து அதன்மேல் ஒரு கல்லையும் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து உலை வைப்பார், பிறகு ஓடுவார். அதே மாதம் 30ஆம் தேதி திமுக ஆட்சியைக் கலைத்தார்கள். ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தும் கலைத்தார்கள் என்பதை நான் பெரியவனான பிறகுதான் தெரிந்துகொண்டேன். மார்ச் 6 அன்று சந்திரசேகரே ராஜினாமா செய்தார். ராஜீவ் வீட்டு வாசலில் ஹரியானா போலீஸார் இருவர் வேவு பார்த்தார்கள் என்ற தகராறில் ஒரு மத்திய அரசே போய்விட்டது.

உங்கள் பக்கம் நடந்ததை எழுதுங்கள். தேதி தவறாக இருந்தால் திருத்துங்கள். மகளுக்குப் படித்துக் காட்டப் போகிறேன்.

பென்னாகரம் வாத்தியார்:
தம்பி, நல்ல இழை. உங்கள் மகள் "84 கோடி" என்று ஒப்பித்தாரே, அதில் கொஞ்சத்தை நான் எண்ணினேன்.

1991 பிப்ரவரியில் கணக்கெடுப்பு. எனக்கு மலையடிவாரத்தில் நான்கு குக்கிராமங்கள் தந்தார்கள். பள்ளி முடிந்து சைக்கிளில் போவேன், சைக்கிள் போகாத இடத்தில் நடை. பிறந்த வருடம் கேட்டால், "பெரிய பஞ்சம் வந்தப்போ கைக்குழந்தை" என்பார்கள், அதிலிருந்து வயதைக் கணக்குப் போட வேண்டும். படிவத்தில் எழுதப் படிக்கத் தெரியுமா என்ற கேள்விக்குப் பெண்கள் நான் கேட்டு முடிக்கும் முன்பே சிரித்துவிட்டு இல்லை என்று தலையாட்டுவார்கள். பிறகு நாடு முழுக்க வந்த கணக்கு: எழுத்தறிவு 52 சதவீதம், பெண்களில் 39.

இன்னொரு எண் இருக்கிறது. 1000 ஆண்களுக்கு 927 பெண்கள். அதுவரை எடுத்த கணக்கெடுப்புகளிலேயே மிகக் குறைவு. அந்த எண்ணைப் பத்திரிகையில் பார்த்தபோது எனக்கு வியப்பு வரவில்லை. ஒரு வீட்டில் மூன்று பையன்கள் என்று எழுதிக்கொண்டேன். "பொண்ணு இல்லையாம்மா?" என்று கேட்டேன். அந்தம்மா பதில் சொல்லாமல் எழுந்து உள்ளே போனார். பாட்டிதான், "இருந்துது சார், தங்கல" என்றார். நம் பக்கமும் சேலம் பக்கமும் "தங்கல" என்றால் என்ன அர்த்தம் என்று அப்போது எல்லோருக்கும் தெரியும். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. மறுவருடம், 1992இல், சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பித்தார்கள். மகளிடம் அந்த 927ஐயும் சொல்லுங்கள்.

சிப்காட் 2ஆம் ஷிப்ட்:
மே 21 செவ்வாய்க்கிழமை. நான் ஓசூரில் ராத்திரி ஷிப்ட் முடித்து வெளியே வந்தால் கேட்டில் வாட்ச்மேன், "பஸ் கிடையாது, ராஜீவ் காந்தியைக் கொன்னுட்டாங்க" என்கிறார். நம்பவில்லை. ஸ்ரீபெரும்புதூர் எங்கே இருக்கிறது என்றுகூடப் பலருக்குத் தெரியாது. மெட்ராஸ் லாரி ஓட்டுபவர்களுக்குத்தான் தெரியும். விடிந்தபோது நெடுஞ்சாலையில் லாரிகள் வரிசையாக ஓரம் கட்டி நின்றன. திறந்திருந்த ஒரே டீக்கடையில் ரேடியோவைச் சுற்றி ஐம்பது பேராவது இருந்திருப்பார்கள், ஆனால் ஒருவர்கூடப் பேசவில்லை. மதியத்துக்கு மேல்தான் ஊர்களில் கலாட்டா. திமுக கொடிக்கம்பங்களை வெட்டிச் சாய்த்தார்கள்.

அதன்பின் மூன்று மாதம் நம் ரோட்டில் எங்கு பார்த்தாலும் சோதனை. படுகொலை வழக்கில் தேடப்பட்ட சிவராசனின் புகைப்படம் ஒட்டாத செக்போஸ்ட் இல்லை. சிவராசன் கூட்டத்தார் டேங்கர் லாரிக்குள் ஒளிந்து பெங்களூர் போய்ச் சேர்ந்தார்கள் என்பது பிறகு விசாரணையில் வெளிவந்தது. ஆகஸ்ட் 20 அன்று பெங்களூர் பக்கம் கோணனகுண்டேயில் அந்தத் தேடல் முடிந்தது. டேங்கர் ஓட்டிய என் மச்சானை அந்த மாதங்களில் ஒரே பயணத்தில் ஏழு இடத்தில் இறக்கி, மூடியைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள்.

பர்கூர் மாந்தோப்பு:
தேர்தலை விட்டுவிட்டீர்களே! படுகொலையால் வாக்குப்பதிவு ஜூனுக்குத் தள்ளிப் போனது. ஜெயலலிதா காங்கேயத்திலும் எங்கள் பர்கூரிலும் நின்றார். எங்கள் தொகுதியில் எதிர்த்து நின்றவர் டி.ராஜேந்தர். கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்த வருடம் ராஜீவ் சாவுக்குப் பிறகு வேறு எதுவும் எடுபடவில்லை. தமிழ்நாட்டில் 39 மக்களவைத் தொகுதியும் அதிமுக, காங்கிரஸ் கூட்டணிக்கே. சட்டமன்றத்தில் திமுகவுக்குக் கிடைத்தது 2. நின்ற இரண்டு தொகுதியிலும் ஜெயித்த ஜெயலலிதா பர்கூரை வைத்துக்கொண்டார். ஜூன் 24 அன்று முதலமைச்சர்.

முதலமைச்சரின் தொகுதி என்றால் என்ன என்று அதற்கு முன் எங்களுக்குத் தெரியாது. திடீரென்று ரோடு போட்டார்கள், அதிகாரிகள் வந்து போனார்கள். 1994இல் அரசுப் பொறியியல் கல்லூரி வந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதில் படித்து இன்று எங்கெங்கோ இருக்கிறார்கள். அதையும் சொல்ல வேண்டும், 1996இல் அதே பர்கூர் அவரைத் தோற்கடித்ததையும் சொல்ல வேண்டும்.

கல் கணக்கு:
நான் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கிரானைட் குவாரியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எங்களுக்கு 1991 என்றால் ஜூலை.

நாட்டின் கையில் இருந்த டாலர் சுமார் மூன்று வாரம் இறக்குமதி செய்யத்தான் போதும் என்ற நிலை. ஜூலை 1 திங்கட்கிழமை ரூபாய் மதிப்பைக் குறைத்தார்கள். மார்க்கெட் எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்த்துவிட்டு 3ஆம் தேதி இன்னொரு தடவை குறைத்தார்கள். 21 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் இருந்த டாலர் 26க்குப் பக்கத்தில் போய் நின்றது.

எங்கள் கல்லை வெளிநாட்டுக்காரர் டாலரில்தான் வாங்குவார். பாரடைசோ என்று பெயர், ஊதாவும் பழுப்பும் அலை அலையாக ஓடும் கல். குறைந்த தரத்துக் கல்லை அதற்கு முன் ஓரமாகத் தள்ளியிருப்போம். ஏற்றுமதி ஆகாத பிளாக்குகள் மழையில் நனைந்துகொண்டு கிடக்கும். மதிப்புக் குறைந்த வாரத்தில் முதலாளி என்னைக் கூப்பிட்டு, பழைய ஆர்டரின் பில்லை எடுக்கச் சொன்னார். அதே கல், அதே டாலர் தொகை, ஆனால் கைக்கு வரும் ரூபாய் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருந்தது. நான் கூட்டல் தப்போ என்று இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். அந்த மாத முடிவிலேயே ஓரமாகக் கிடந்த பிளாக்குகளுக்கு எண் எழுத ஆரம்பித்தோம். வெள்ளைப் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷும் வாங்கிவந்தது நான்தான்.

கூலி? ஜாக்ஹாமர் பிடிக்கிறவருக்கு அந்த வருடம் ஏறவில்லை. அடுத்த வருடம் கொஞ்சம் ஏறியது. இதையும் எழுதாமல் போனால் நான் எழுதியது பொய்யாகிவிடும்.

நரசிம்ம ராவ் அரசு தங்கத்தை அடகு வைத்ததும் அதே ஜூலையில்தான்.

பென்னாகரம் வாத்தியார்:
ஒரு திருத்தம். ராவ் அரசு மட்டும் இல்லை. மே மாதத்திலேயே, சந்திரசேகரின் காபந்து அரசு இருந்தபோது, 20 டன் தங்கம் சுவிட்சர்லாந்து வங்கிக்குப் போனது. ஜூலையில் இங்கிலாந்து வங்கிக்காக அனுப்பியது ஏறத்தாழ 47 டன். இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தேர்வில் தவறாக எழுதிவிடுவார்.

கல் கணக்கு:
ஒப்புக்கொள்கிறேன் சார். மே மாதத்து 20 டன் என் நினைவிலேயே இல்லை.

சந்தூர் விவசாயி:
கல் கணக்கு அண்ணன் எழுதியதைப் படித்தேன். கல்லுக்கு நல்லது நடந்த அதே மாதத்தில் மண்ணுக்கு என்ன நடந்தது என்று நான் சொல்கிறேன்.

ஜூலை 24 புதன்கிழமை மன்மோகன் சிங் பட்ஜெட். ஆடி பிறந்து ஒரு வாரம். மழை விழுந்து நாங்கள் நிலக்கடலை விதைத்துக்கொண்டிருந்தோம், ராகிக்கு நாற்று விட்டிருந்தோம். ரேடியோவில் இரவு செய்தியில் உரவிலை 40 சதவீதம் ஏறிவிட்டது என்றார்கள். பத்து வருடத்துக்கு மேலாகப் பெரிதாக ஏறாத விலை. யூரியா டன் 2350 ரூபாயிலிருந்து 3300. ஐம்பது கிலோ மூட்டை 117 ரூபாய் 50 காசு கொடுத்து வாங்கியது 165 ஆனது. விதைக்கிற வாரத்தில் இப்படி அறிவித்தால் விவசாயி என்ன செய்வான்? ஒரு மாதம் முன்னால் சொல்லியிருந்தால் பயிரையாவது மாற்றியிருப்போம்.

நாடாளுமன்றத்தில் சத்தம் கிளம்பியது. ஆகஸ்டில் 40ஐ 30 ஆக்கினார்கள், மூட்டை 153. சிறு குறு விவசாயிகளுக்குப் பழைய விலையே என்றும் சொன்னார்கள். நல்ல அறிவிப்புதான். ஆனால் சிறு விவசாயி என்று சான்று வேண்டும். எங்களுக்கு மூன்றரை ஏக்கர், பட்டா தாத்தா பேரில், அவர் இறந்து பதினோரு வருடம். அப்பா ஓர் அலுவலகத்துக்கு நான்கு நடை நடந்தார். ஒவ்வொரு முறையும் வேறொரு காகிதம் கேட்டார்கள். ராகிக்கு மேலுரம் போட வேண்டிய நாள் கடந்துகொண்டிருந்தது. கடைசியில் அம்மாவின் தோடு சேட்டுக் கடைக்குப் போனது, உரம் முழு விலைக்கு வந்தது. நாடு தங்கத்தை அடகு வைத்த வருடத்தில்தான் எங்கள் வீட்டுத் தோடும் போனது. நாடு மீட்டுக்கொண்டது. நாங்கள் மீட்கவில்லை, மூன்று வருடம் வட்டி கட்டிவிட்டு ஏலத்துக்கு விட்டோம்.

சீர்திருத்தம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கஜானா காலி என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் சுமையை எந்த நாளில், யார் தலையில் முதலில் வைத்தார்கள் என்று கேட்கும் உரிமை எங்களுக்கு இருக்கிறது.

சிப்காட் 2ஆம் ஷிப்ட்:
சந்தூர் தம்பி சொல்வது உண்மை. ஆனால் அன்றைக்கே வந்த தொழில் கொள்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதற்கு முன் ஒரு மெஷின் கூடுதலாகப் போடவும் டெல்லியில் லைசென்ஸ் வாங்க வேண்டும். 18 தொழில்களைத் தவிர மற்றவற்றுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்றார்கள். ஓசூரில் எழுபதுகளிலேயே சிப்காட் வந்துவிட்டது, அசோக் லேலண்ட், டைட்டன் எல்லாம் 1991க்கு முந்தியவை. அவற்றைச் சுற்றிப் பட்டறைகள் பெருகியது பிறகுதான். என் கூட்டாளிகள் மூன்று பேர் லேத் போட்டு முதலாளி ஆனார்கள். அதே சமயம் என் பிரிவில் நிரந்தர வேலைக்கு ஆள் எடுத்தது அதோடு குறைந்துபோய், காண்ட்ராக்ட் ஆள் வர ஆரம்பித்தார்கள். இரண்டையும் என் கண்ணால் பார்த்தேன், எது பெரிது என்று என்னால் தராசு பிடிக்க முடியவில்லை.

பாலக்கோட்டான்:
அக்டோபர் 20 உத்தரகாசி நிலநடுக்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். எழுநூறுக்கு மேல் இறந்தார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பையன் ராணுவத்தில் அந்தப் பக்கம் இருந்தான். தந்தி வரும் வரை பன்னிரண்டு நாள் அந்த வீட்டில் அடுப்பு சரியாக எரியவில்லை.

ஓசூர்க்காரர்கள் யாராவது டிசம்பரைப் பற்றி எழுதுவார்கள் என்று காத்திருக்கிறேன்.

தேன்கனிக்கோட்டை ரோடு அக்கா:
நான் எழுதுகிறேன் தம்பி. இரண்டு நாளாக எழுதி எழுதி அழித்தேன்.

முதலில் காரணம், பிள்ளைகளுக்குத் தெரியட்டும். காவிரி நடுவர் மன்றம் 1990இல் அமைந்தது. 1991 ஜூன் 25 அன்று இடைக்காலத் தீர்ப்பு சொன்னது. மேட்டூருக்கு வருடம் 205 டிஎம்சி வரும்படி கர்நாடகம் தண்ணீர் விட வேண்டும். பங்காரப்பா அரசு அதை ஏற்காமல் ஒரு மாதத்தில் அவசரச் சட்டம் போட்டது. அந்தச் சட்டம் செல்லாது என்று நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. டிசம்பர் இரண்டாம் வாரத்தில் மத்திய அரசு தீர்ப்பைக் கெஜட்டில் வெளியிட்டது. அடுத்த நாளே பெங்களூரில் தமிழர் வீடுகளுக்கும் கடைகளுக்கும் தீ வைக்கத் தொடங்கினார்கள். 12, 13 தேதிகள், வியாழனும் வெள்ளியும்.

நாங்கள் ஓசூரில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். எதிர் வீடு கன்னடம். கடைக்குப் போனால் தமிழ். மூன்றும் எங்கள் தெருவில் ஒன்றாகத்தான் இருந்தன, இன்றும் இருக்கின்றன. வியாழன் ராத்திரி மாநில எல்லையில் இருக்கும் ஜுஜுவாடி பக்கமிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். லாரியில், டெம்போவில், அத்திப்பள்ளியிலிருந்து நடந்து. பள்ளிக்கூடங்களைத் திறந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை விடிந்தபோது எங்கள் தெருப் பள்ளியில் கால் வைக்க இடமில்லை. ஓசூர் டிசம்பர்க் குளிர் உங்களுக்குத் தெரியும். போர்வை கொண்டுவந்தவர்கள் ரொம்பக் குறைவு.

பெங்களூர் ஸ்ரீராமபுரத்திலிருந்து வந்த ஓர் அம்மா சாக்கில் சுற்றிய பெரிய குண்டான் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். நகையோ பணமோ என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சாக்கின் ஓரத்தில் வெள்ளையாக வழிந்தது. இட்லி மாவு. அன்று சாயங்காலம்தான் அரைத்து வைத்திருக்கிறார். தெருவில் கூச்சல் கேட்டதும் பிள்ளைகள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு கிளம்பியவர், கையில் எதை எடுத்தோம் என்று லாரி ஏறிய பிறகுதான் பார்த்திருக்கிறார். குளிர்காலத்தில் எங்கள் ஊரில் மாவு லேசில் பொங்காது. சாக்குக்குள் பொதிந்து ஆட்கள் நடுவில் வந்ததால் பொங்கி வழிந்துவிட்டது. எதிர் வீட்டுக் கன்னடக்கார அம்மா தன் வீட்டு இட்லிப் பானையைக் கொண்டுவந்தார். நான் சட்னி அரைத்தேன். கைக்குழந்தைக்காரர்களுக்கு முதலில் கொடுத்தோம். அந்த அம்மா தான் மட்டும் சாப்பிடவில்லை, "உப்புப் போட மறந்துட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாவையும் பிள்ளைகளையும் லாரி ஏறும் வரை தன் வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டிக் காப்பாற்றியவரும் ஒரு கன்னடக்காரர்தான். அதை அந்த அம்மாவே எல்லோரிடமும் சொன்னார். இதையும் உங்கள் மகளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

அரூர் வடக்கு:
அக்கா, கை நடுங்குகிறது. என் அம்மாவும் அப்பாவும் அப்போது பெங்களூரில் கட்டட வேலையில். அம்மா சித்தாள், அப்பா கொத்தனார். நான் ஆயா வீட்டில் அரூரில். நம் மாவட்டத்தில் மழை பொய்த்தால் பெங்களூர்தான் கதி என்பது அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

வாரக்கூலி சனிக்கிழமைதான் பட்டுவாடா. கலவரம் வியாழக்கிழமை. அந்த வாரக் கூலி போனது. அடுத்த முறை அதே மேஸ்திரியிடம் கேட்டபோது, "பாதியில விட்டுட்டுப் போனது நீங்க" என்றாராம். அப்பா கரணையை மட்டும் கொண்டுவந்தார். சட்டிகூட இல்லை. ஓசூரில் ஏதோ ஒரு பள்ளியில் இரண்டு ராத்திரி இருந்துவிட்டு, அரசாங்கம் விட்ட பஸ்ஸில் தர்மபுரி வந்து, அங்கிருந்து அரூர். அது எந்தப் பள்ளி என்று இருவருக்கும் தெரியவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது, பெயர்ப் பலகையை யாரும் படித்துக் காட்டவில்லை.

வாத்தியார் எழுதிய அந்த 39 சதவீதத்தில் என் அம்மா இல்லை, மீதியில் இருக்கிறார்.

பென்னாகரம் வாத்தியார்:
அரூர் தம்பி, அம்மா அப்பா இருவரும் நலமா? இருந்தால் அவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி வையுங்கள். நடந்தது எல்லாம், கூலித் தொகை உட்பட.

அரூர் வடக்கு:
அம்மா இருக்கிறார் சார். இந்த ஞாயிறு உட்கார்ந்து எழுதுகிறேன். பிப்ரவரியிலேயே இருவரும் திரும்பவும் பெங்களூர் போனார்கள், அதையும் எழுத வேண்டும். போகாமல் எப்படி?

பாலக்கோட்டான்:
மகளுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். 205 டிஎம்சி, 927, 47 டன் மூன்றையும் நோட்டில் குறித்துக்கொண்டாள். டிசம்பர்ப் பகுதி வந்தபோது பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

அக்கா, அவள் ஒன்று கேட்கிறாள். அந்த அம்மா திரும்பிப் போனார்களா? குண்டான் என்ன ஆயிற்று?

தேன்கனிக்கோட்டை ரோடு அக்கா:
பொங்கலுக்குச் சில நாள் முன்னால் போனார்கள் தம்பி. வீட்டுக்காரர் முதலில் போய், வீடு நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து கூட்டிப்போனார். கதவும் கட்டிலும் எரிந்திருந்ததாம், சுவர் நின்றதாம். குண்டானைச் சாம்பல் போட்டு விளக்கிக் கையோடு எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது அந்தச் சாக்கை மட்டும் துவைத்து மடித்து என்னிடம் கொடுத்தார். அது நான் கொடுத்த சாக்கு என்று நினைத்திருக்கிறார். உங்களுடையதுதான் என்று நான் சொல்வதற்குள் பஸ் எடுத்துவிட்டான்.